வாய் திறந்திருக்கும் படம்

கூடையைக் கொஞ்சம் பாத்து, அம்முணி. கால் பட்டுடப் போகுது. உள்ள தேங்காயும் இல்லை, வெல்லமும் இல்லை. கேமராப் பொட்டி. கேமரா எங்க கிணத்து மேட்டுல கம்பத்து மேல இருக்குது. அது எடுக்கற படமெல்லாம் வந்து இதுக்குள்ளதான் உக்காரும். அதிரக் கூடாதுன்னு பழைய சேலையில சுத்தி எடுத்துட்டு வர்றேன். மடியில வெச்சா முட்டி வலிக்குது, கீழ வெச்சா நெஞ்சு அடிச்சுக்குது. கண்டக்டர் லக்கேஜ் போடணும்னான். மடியில இருக்கற பச்சைப் புள்ளைக்கு லக்கேஜ் போடுவியா சாமின்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டான்.

நீ எங்க இறங்கறே? பஸ் ஸ்டாண்டா? நான் அதுக்கு முந்தின ஸ்டாப்பு, கோர்ட்டு ஸ்டாப்பு. வக்கீல் காத்துட்டு இருப்பார். இதுக்குள்ள இருக்கற படத்தைக் காட்டித் தடை வாங்கப் போறோம். தடை வந்துட்டா என் கொழுந்தன் ராக்கியப்பன் கிணத்து மேட்டுல கால் வைக்க முடியாது. கால் வைக்கலைன்னா மோட்டார் போட முடியாது. மோட்டார் போடலைன்னா அவன் தோட்டம் முள்ளு மொளைச்சுத்தான் கிடக்கும். அவனுக்கு வேற கிணறு இல்லை. ஆமா, பாவந்தான். பாவம் பாத்துப் பாத்துத்தான் நான் இந்தக் கெதிக்கு வந்தேன்.

எங்களுது பங்குக் கிணறு. மாமனார் காலத்துல வெட்டுனது. அவருக்கு ரெண்டு பசங்க. பெரியவர் எங்க ஊட்டுக்காரர், சின்னவன் இந்த ராக்கியப்பன். காட்டை ரெண்டாப் பிரிச்சாங்க, ஊட்டை ரெண்டாப் பிரிச்சாங்க. கிணத்தை எப்படிப் பிரிக்கறது? அதனால முறை வெச்சாங்க. இன்னிக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. உன் முறையில நீ மோட்டாரைப் போட்டு உன் பக்கம் மடையைத் திருப்பிக்கலாம். போடலைன்னா அந்த முறை போச்சு. நாளைக்குச் சேத்து எடுத்துக்கறேன்னு கேக்க முடியாது. எங்க பக்கம் ஊட்டுல கல்யாணம் நடந்தாலும் சரி, பொணம் கிடந்தாலும் சரி, ஒருத்தர் எந்திரிச்சுப் போய் மோட்டாரைப் போட்டுட்டு வந்துடுவாங்க. முறை வீணாப் போச்சுன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

சண்டை அதுல இருந்துதான் வந்துச்சு. எங்க ஊட்டுக்காரர் போன அன்னிக்கு எங்க முறை. ஆம்பளைங்க எல்லாரும் சுடுகாட்டுக்குப் போயிட்டாங்க. நாங்க பொம்பளைங்க உள்ள உக்காந்திருக்கறோம். போனவங்க திரும்பி வந்து தலைக்கு ஊத்தறாங்க, அதுக்குள்ள மோட்டார் சத்தம் கேக்குது. எங்க சன்னலுக்கு நேர் எதிர்ல மோட்டார் ரூம். எட்டிப் பாத்தேன். ராக்கியப்பன். ஈர வேட்டியோட, ஸ்டார்ட்டர் மேல கையை வெச்சுட்டு நிக்கறான்.

அண்ணன் கட்டை வேகலை அம்முணி. அதுக்குள்ள அண்ணன் தண்ணியை எடுத்துட்டான்.

தண்ணி எந்தப் பக்கம் போச்சுன்னு நான் பாக்கலை. பாக்க வேண்டியதும் இல்லை. கை ஸ்டார்ட்டர்ல இருந்துச்சு, அது போதும். காரியத்தன்னிக்கு அத்தனை சனத்துக்கு முன்னால கேட்டேன், செத்தவன் முறையையும் குடிக்கற அளவுக்கு உனக்குத் தொண்டை காஞ்சு போச்சான்னு. அவன் என்னைப் பாத்தான். வாயைத் தொறந்தான். அப்புறம் மூடிட்டான். அன்னிக்கு மூடுன வாய்தான். நானும் பேசலை, அவனும் பேசலை. எதுத்தாப்புல வாசல். அவன் கோலத்துல நான் நடந்தா என் கால்ல மாவு ஒட்டும், அவ்வளவு கிட்ட. அவன் பொண்ணு கல்யாணத்துக்கு அவன் பொண்டாட்டி விசாலா மட்டும் வந்து வெத்தலைபாக்கு வெச்சுட்டு நின்னா. உக்காருன்னு நான் சொல்லலை. கல்யாணத்தன்னிக்குச் சன்னலைச் சாத்திட்டு உள்ளயே இருந்தேன். சன்னலைச் சாத்துனா மேளம் கேக்காதுன்னு எவன் சொன்னான்?

அதுல இருந்து எனக்கு இந்தக் காதுதான் வேலை. சோறு பொங்கினாலும் ஒரு காது கிணத்து மேட்டுல. ஒரு கோயில் நோம்பிக்குப் போனதில்லை, தங்கச்சி ஊட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கினதில்லை. நான் அந்தப் பக்கம் போனா அவன் இந்தப் பக்கம் மோட்டாரைப் போட்டுடுவான். போட்டானான்னா, போட்டதைப் பாத்ததில்லை. பாக்காததனாலதான் பயமே. கண்ணுல பட்ட திருடனை அடிச்சுடலாம், படாதவனை என்ன பண்றது?

அப்பத்தான் டவுன்ல கேமராக் கடை வெச்சிருக்கற அன்வரைப் பத்திச் சொன்னாங்க. தங்கமான மனுசன். கம்பத்தை நட்டு, கேமராவை மாட்டி, எங்க கட்டல்ல உக்காந்து கம்ப்யூட்டரைத் தொறந்து வெச்சுட்டுக் கேட்டார். எந்தெந்தக் கிழமை எடுக்கணும், எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனை மணிக்கு நிறுத்தணும், சொல்லுங்கம்மான்னார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எங்க ஊட்டுக்காரர் போனதுக்கப்புறம் என் முறை எப்பன்னு அக்கறையாக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஆனா ஒரு சிக்கல். ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு சொன்னேன். அவர் தலையைச் சொறிஞ்சார். 'இது கிழமைதாம்மா கேக்குது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்னா இந்த வாரம் திங்கள், அடுத்த வாரம் செவ்வான்னு நகந்துட்டே போகும். கேமராவுக்கு அது தெரியாது. உங்க கொழுந்தனார் முறையையும் உங்க முறைன்னு நெனைச்சுப் புடிச்சுடும்'னார். நானா உடுவேன்? ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டு, திங்கள் புதன் வெள்ளி எனக்கு, செவ்வா வியாழன் சனி அவனுக்கு, ஞாயித்துக்கிழமை கிணறு ஊறட்டும்னு மாத்தச் சொன்னேன். மாமனார் வெச்ச முறை, ஒரு பொட்டிக்காக மாறிப் போச்சு. பெரியவருக்கே மனசில்லை. ராக்கியப்பன் மட்டும் மறுபேச்சுப் பேசலையாம். 'அண்ணி சொல்றபடியே இருக்கட்டும்'னு சொன்னானாம். சொன்னானாம், அவ்வளவுதான். நான் என் காதுல கேக்கலை. அண்ணிங்கறதைப் பெரியவர் சேத்துச் சொல்லியிருப்பார்.

ஓடற படமா வேணுமா, நிக்கற படம் போதுமா, சத்தமும் பதியணுமான்னு அன்வர் கேட்டார். ஓடற படம்னா பொட்டி சீக்கிரமா நெறைஞ்சுடுமாம். நிக்கற படமா இருந்தா ரொம்ப நாளைக்கு எடம் இருக்குமாம். நெறைஞ்சாலும் பயமில்லையாம், ரொம்பப் பழசை அதுவே அழிச்சுட்டுப் புதுசுக்கு எடம் பண்ணிக்குமாம். நான் சிரிச்சேன். எனக்கு அப்படியில்லைங்க, எனக்குப் பழசுதான் முன்னால வந்து உக்காரும்னேன். நிக்கற படமே போதும், அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு எடுக்கட்டும்னேன். சத்தம் எதுக்கு? அவன் என்னத்தைப் பேசிக் கிழிக்கப் போறான்.

கொஞ்சம் கீழ சாய்ச்சா மடையும் தெரியும், தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கலாம்மான்னு அன்வர் சொன்னார். வேண்டாம்னுட்டேன். ஸ்டார்ட்டர் தெளிவாத் தெரியட்டும். கையைப் புடிச்சாப் போதும், தண்ணி போற வழி எனக்கு எதுக்கு?

அந்தச் சன்னலைக் கொஞ்சம் இறக்கி உடு, காத்து காதுக்குள்ள போகுது. ம். போதும்.

நான் உளுந்தது ஆவணியில. மஞ்சளுக்குத் தண்ணி கட்டிட்டு வரப்புல வந்தவ, வழுக்கி வாய்க்கால்ல போய்ட்டேன். தொடை எலும்பு. ஈரோட்டுல ஆப்பரேசன் பண்ணி, தங்கச்சி ஊட்டுல கொண்டு போய்ப் படுக்க வெச்சாங்க. மூணாவது மாடி. கீழ எறங்க முடியாது, கட்டலை உட்டு நகர முடியாது, தண்ணி குடிக்கணும்னாலும் ஒருத்தரைக் கூப்புடணும். சன்னல்ல பாத்தா எதுத்த ஊட்டு மொட்டை மாடியில துணி காயும். அவ்வளவுதான் உலகம். என் கையில இருந்தது ஒரு செல்போன். அதுல கிணத்து மேட்டுப் படம் வரும். திங்கள், புதன், வெள்ளி வந்தா, விடியறதுக்கு முந்தியே எந்திரிச்சுத் தலையணையில சாஞ்சு உக்காந்துக்குவேன்.

மோட்டாரைப் போடறதுக்குப் பக்கத்துக் காட்டு ராமாயி கிட்ட சொல்லிட்டு வந்திருந்தேன். ரெண்டு முறை வந்தா. அப்புறம் மகளுக்குப் பிரசவம்னு திருப்பூர் போயிட்டா. போச்சு, இந்த வருசம் மஞ்சள் போச்சுன்னு நெனைச்சேன். மழையும் இல்லை. ஐப்பசி அடைமழைங்கறது இந்த வருசம் பேச்சோட சரி. கிணத்துல ஒருத்தர் முறைக்கே தண்ணி பத்தலை.

ஒரு வெள்ளிக்கிழமை பாக்கறேன், ஸ்டார்ட்டர்ல கை. ராக்கியப்பன்.

எம் முறையில! நான் போட்ட சத்தத்துல தங்கச்சி அடுப்பை அணைக்காம ஓடி வந்துட்டா. திங்கக்கிழமை பாத்தா மறுபடியும் அவன். புதன்கிழமை, அவன். ஒரு முறை கூட உடலை. தோள்ல மம்முட்டி, முட்டி வரைக்கும் சேறு. ஒரு நாள் விசாலாவும் வந்தா. தலையில இத்தாத்தண்டி புல்லுக்கட்டு. என் மஞ்சக்காட்டுக்குள்ள இருந்து வர்றா. தண்ணியை அவன் எடுக்கறான், என் காட்டுப் புல்லை அவ அறுக்கறா. அடக் கொடுமையே, ஒரு புல்லைக் கூடவா உட்டு வைக்கக் கூடாது?

கத்தினேன். அந்தச் செல்போனைப் பாத்து நான் திட்டாத திட்டில்லை. படத்துக்குக் காது இருக்குதா, அவன் பாட்டுக்கு நிக்கறான். எந்திரிச்சுப் போய் அவன் கையைப் புடிக்கணும்னு ஒடம்பெல்லாம் துடிக்குது, காலு கட்டலோட ஒட்டிக் கிடக்குது. தங்கச்சி ஊட்டுக்காரர் ஒரு நாள் பின்னால நின்னு பாத்துட்டு, 'அவரு மம்முட்டியோட உங்க காட்டுப் பக்கம்தானே...'ன்னு என்னமோ ஆரம்பிச்சார். எங்க குடும்பத்து விசயம், நீங்க பேசாதீங்கன்னுட்டேன். நல்ல மனுசன், பேசலை. தங்கச்சிதான் நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருந்தா.

ஒண்ணே ஒண்ணு செஞ்சேன். எங்க கருப்பராயனுக்கு வேண்டிக்கிட்டேன். அப்பா, நான் இங்க கட்டிப் போட்டாப்புல கிடக்கறேன், என் மஞ்சளை நீதான் காப்பாத்தணும், கெடாய் வெட்டறேன்னு.

நீ நம்புவியோ மாட்டியோ, கார்த்திகையில ஊருக்கு வந்து பாக்கறேன், மஞ்சள் இடுப்பளவுக்கு நிக்குது. கரும்பச்சை. ஒரு களை இல்லை. பாத்தியெல்லாம் ஈரம். கைத்தடியை ஊனிட்டு வரப்புல நின்னு அழுதேன். அதுக்கு நேர் எதிர்ல ராக்கியப்பன் சோளம். வெடிச்ச நெலத்துல வெளக்குமாத்துக் குச்சியாட்டம் கருகிக் கிடக்குது. என் தண்ணியை அத்தனை முறை எடுத்தும் அவனுக்கு ஒரு கதிர் நிக்கலை. தெய்வம் கணக்காத்தான் இருக்குதுன்னு சொல்லிக் கெடாய் வெட்டினேன். ஊரையே கூப்புட்டுச் சோறு போட்டேன். எதுத்த ஊட்டை மட்டும் கூப்புடலை.

என்ன? என்ன கேட்டே?

மஞ்சளுக்கு யார் தண்ணி கட்டினதா? சொன்னேனே, கருப்பராயன்.

கருப்பராயன் வந்து மோட்டாரைப் போடுவாரான்னு கேக்கறே. நல்லாப் பேசறே. படிச்ச புள்ளை இல்ல, அப்படித்தான் கேப்பே. வக்கீல் அப்படிக் கேக்கலையே. அவர் படத்தைப் பாத்தார், தேதியைப் பாத்தார், கை தெரியுது, மொகம் தெரியுது, அருமையான சாட்சின்னார். தண்ணி எங்க போச்சுன்னு அவர் ஒரு வார்த்தை கேக்கலை. கோர்ட்டுக்கே வேண்டாத கேள்வி உனக்கு எதுக்கு அம்முணி?

அதெல்லாம் இருக்காது. இரு. நீ சொல்ற மாதிரி வெச்சுக்குவோம், பேச்சுக்கு. அப்படின்னா அன்னிக்கும்? கட்டை வேகற அன்னிக்கும்? ஈர வேட்டியோட நின்னானே, அதுவும் எனக்காகத்தானா? அப்ப நான் கேட்டதுக்கு ஏன் வாயை மூடிட்டான்? இல்லைங்கண்ணி, உங்க பக்கந்தான் திருப்பி உட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? அதனால நீ சொல்றது இருக்காது. அப்படி இருந்தா நான் இத்தனை வருசம் சன்னலைச் சாத்திட்டு உக்காந்திருந்தது... வேண்டாம். அதைப் பேச வேண்டாம்.

உனக்கு வேற ஒண்ணு சொல்றேன். வக்கீல் கிட்ட கூடச் சொல்லலை. இந்தப் பொட்டிக்குள்ள ஒரு படம் இருக்குது.

நான் ஊருக்கு வந்த அன்னிக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் வந்து சேந்தேன். அன்னிக்குக் காலையில எடுத்த படம் அது. மோட்டார் ரூம் வாசல்ல நிக்கறான். அதுக்கு முந்தியெல்லாம் குனிஞ்ச தலையாத்தான் இருப்பான், உச்சி மட்டுந்தான் தெரியும். இந்தப் படத்துல மட்டும் தலையைத் தூக்கி நேரா கேமராவைப் பாக்கறான். என்னைப் பாக்கறாப்புல. ஒரு கையைத் தூக்கியிருக்கான். வாய் தொறந்திருக்குது.

இப்படி. என்னைப் பாரு. கை இந்த ஒசரம். வாய் இப்படி... ஆ... இவ்வளவு. அந்தக் கண்டக்டர் ஏன் இப்படிப் பாக்கறான், பைத்தியம்னு நெனைச்சுட்டான் போல. நெனைக்கட்டும். நீ சொல்லு. இப்படி வாயைத் தொறந்தா என்ன சொல்லியிருப்பான்?

அதுக்கு முந்தின படத்துல அவன் இல்லை. அதுக்கடுத்த படத்துலயும் இல்லை. அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு போதும்னு நான் சொன்ன பேச்சுக்கு, நடுவுல அவன் வந்து, என்னமோ சொல்லி, போயும் போயிட்டான். சத்தம் வேண்டாம்னு சொன்னதும் இந்த வாய்தான்.

அன்னியில இருந்து என் முறைக்கு அவன் வர்றதில்லை. நான்தான் தடியை ஊனிட்டுப் போய் மோட்டாரைப் போடறேன். இப்பப் படத்துல எல்லாம் நான்தான். திங்கக்கிழமை நானு, புதன்கிழமை நானு. குனிஞ்சு ஸ்டார்ட்டரைத் தொடற கெழவி. பொட்டி நெறைஞ்சு போச்சுன்னு ஒரு நாள் செல்போன்ல எழுத்து வந்துச்சு. அன்வருக்குப் போன் போட்டேன். ஒண்ணும் பயமில்லைம்மா, பழைய படமாப் பாத்து அதுவே அழிச்சுக்கும்னார். ராக்கியப்பன் படத்தை மொதல்ல இருந்து அழிச்சுட்டு வருது. என் மூஞ்சி ஒண்ணு ஏறினா அவன் மூஞ்சி ஒண்ணு போகுது. தினமும் எண்ணிப் பாத்தேன். இந்தப் படத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். இன்னிக்குக் காலையில என் முறையிலயே ஒயரைப் புடுங்கிட்டு, பொட்டியைத் தூக்கிக் கூடையில வெச்சுட்டுக் கெளம்பிட்டேன்.

கோர்ட்டுக்குத்தான். கோர்ட்டுக்குத்தானே கொண்டு போறேன். வக்கீல் வேணுங்கறதை எடுத்துட்டுத் தருவார்.

என்ன சொன்னே? கொட்டாவியா?

கொட்டாவி உடறவன் எதுக்குக் கையைத் தூக்கறான்? சொல்லு. சோம்பல் முறிக்கறவன் ரெண்டு கையையும் தூக்குவான். இவன் ஒரு கைதான் தூக்கியிருக்கான். அதுவும் வலது கை, உள்ளங்கை தெரியறாப்புல. பத்துத் தடவை இல்லை, ஆயிரம் தடவை பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? கொட்டாவியாம். நீ பாக்காத படத்தைப் பத்திப் பேசாதே. நல்லா வாயைத் தொறந்து சொல்லியிருக்கான். ஆ-னாவுல ஆரம்பிக்கற எதையோ சொல்லியிருக்கான். ஆத்திரத்துல திட்டியிருந்தாலும் சரி. திட்டினாலும் பேச்சுத்தானே அது.

கோவிச்சுக்காதே அம்முணி. உன்னைச் சொல்லி என்ன. உன் கிட்டச் சொன்னதுல தொண்டை காஞ்சு போச்சு, அந்தத் தண்ணிப் பாட்டிலைக் குடு. அண்ணாந்து குடிச்சுக்கறேன். ம்.

விசில் அடிக்கறான். ஆமாமா, இதுதான் கோர்ட்டு ஸ்டாப்பு. இருக்கட்டும். நீ உக்காரு. எனக்கு வழி உட எந்திரிக்க வேண்டாம். வக்கீல் எங்க ஓடிப் போறார், இன்னொரு நாள் பாத்துக்கலாம். கண்டக்டர், சாமி, எனக்குப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேத்து ஒரு சீட்டுக் குடு. ஆமா, மனசு மாறிப் போச்சு. கெழவிக்கு மாறக் கூடாதா?

அன்வர் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதான். அந்த ஒரு படத்தை மட்டும் தனியா எடுத்து, அழியாத எடத்துல வெக்கச் சொல்லணும். அப்புறம் சத்தம் பதியற மாதிரி மாத்திக் குடுக்கச் சொல்லணும். ஓடற படமாவே எடுக்கட்டும். பொட்டி நெறைஞ்சா நெறையட்டும், இன்னொரு பொட்டி வாங்கிக்கறேன். கிழமை மட்டும் அதே கிழமைதான், என் முறை மட்டுந்தான். அவன் முறையில அவன் யார் கிட்ட பேசினா எனக்கென்ன?

கேமராவைக் கீழ சாய்க்கணுமான்னு கேக்கறியா? மடை தெரியறாப்புலயா? வேண்டாம் கண்ணு. மடை வேண்டாம். மூஞ்சி தெரியட்டும்.

நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை, என் முறை. நான் மோட்டாரைப் போடப் போறதில்லை. கால் வலின்னு சொல்லிட்டு உள்ள உக்காந்துக்குவேன், கையில செல்போனை வெச்சுட்டு. பொழுது ஏறட்டும். மஞ்சள் வாடட்டும். எதுத்த ஊட்டுக்காரன் அவன் வாசல்ல நின்னு பாப்பான், உள்ள போவான், மறுபடியும் வந்து பாப்பான். அவனை எனக்குத் தெரியும். முறை வீணாப் போனா அவனுக்குத் தாங்காது.